குடிலுக்கு வந்த முளைப்பாரி

அந்த வருஷம் டிசம்பர் பிறந்தும் மழை விடவில்லை. கோயில் பக்கத்து மண்டபத்தில் ஓடு ஒழுகி, கிறிஸ்மஸ் குடிலுக்கென்று சாக்கில் கட்டி வைத்திருந்த மரத்தூள் நனைந்துபோனது. மரவாடியிலிருந்து மரத்தூள் வாங்கிப் பச்சைச் சாயம் கலந்து, குடிலின் தரையில் புல் மாதிரிப் பரப்புவதுதான் எங்கள் பங்குக் கோயிலில் வழக்கம். நனைந்ததையே பரப்பிப் பார்த்தார்கள். சாயம் ஓடிப் போய், சுரூபங்களோடு நின்ற பொம்மை ஆடுகளின் கால்கள் பச்சையாகிவிட்டன.

"பெத்லகேம் ஆடு இல்ல இது. நம்ம ராயபுரத்து ஆடு. சாக்கடைல எறங்கி வந்துகீது" என்றாள் ஃப்ளோரன்ஸ் அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. புருஷன் இறந்த பிறகு கோயிலைப் பெருக்குவதும் பீடத் துணிகளைத் துவைத்துக் கொடுப்பதும் அவள் பிழைப்பு. யார் முன்னாலும் வாயை அடக்கமாட்டாள்.

ஆசீர்வாதம் உபதேசியார் சிரிக்கவில்லை. பங்கில் சாமியாருக்கு அடுத்தது அவர் சொல்தான். செபம் சொல்லிக் கொடுப்பது, ஞானஸ்நானத்துக்கு ஆள் தயாராகிவிட்டார்களா என்று பார்த்துச் சொல்வது, கல்யாண ஓலை எழுதுவது எல்லாம் அவர் கையில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். அந்த ஊர்ப் பேச்சைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிரசங்கம் மாதிரியே பேசுவார்.

"திருநாள் நெருங்கிவிட்டது. இனிமேல் புல்லுக்கு எங்கே போவது?" என்றார்.

தூணுக்குப் பின்னால் என்னோடு நின்றிருந்த செல்லக்கனி மெதுவாகச் சொன்னாள். "நான் முளைக்க வச்சுத் தாரேன், ஐயா. நவதானியம் இருந்தாப் போதும். திருநாளுக்குள்ள ஒரு சாண் வந்திரும்."

உபதேசியார் தூண் பக்கம் திரும்பினார். "செய்" என்றார்.

செல்லக்கனிக்கு அது பெரிய வார்த்தை. அதுவரை அவர் அவளிடம் ஞானோபதேசக் கேள்விகள் மட்டும்தான் கேட்டிருந்தார். சர்வேசுரன் எத்தனை பேர், தேவதிரவிய அனுமானங்கள் எவை, இந்த மாதிரி.

அவள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மளிகைக் கடை வைத்திருந்த அய்யாத்துரையின் மகள். என் அண்ணன் லூயிஸ் துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் குறிக்கிற டேலி கிளார்க். சோப்பு வாங்கப் போய்ப் போய், ஒரு குடும்பத்துக்கு ஆகிற சோப்பைவிட நான்கு மடங்கு வீட்டில் சேர்ந்த பிறகுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. அய்யாத்துரைக்குத் தெரிந்தபோது மகளைத் தெருவில் இறக்கிவிட்டு, கடையை மூடி, தலை முழுகிவிட்டார். அத்தைதான் அவளைத் தன் ஒற்றை அறை வீட்டில் சேர்த்துக்கொண்டாள்.

சாமியார் சம்மதித்திருந்தார். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காலையில் அவளுக்கு ஞானஸ்நானம். பிறகு மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, தவக்காலம் தொடங்குவதற்குள் கல்யாணம். ஞானஸ்நானம் இல்லாமல் ஓலை கிடையாது. ஓலை இல்லாமல் அண்ணன் கிடையாது. திரும்பிப் போக வீடும் கிடையாது. இது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

என் அம்மா சிலுவையம்மாளுக்கு இதில் விருப்பமில்லை. தன் அண்ணன் மகளை லூயிஸுக்கு என்று எப்போதோ மனசில் முடித்து வைத்திருந்தாள். நான் செல்லக்கனியை ஒருமுறை வாய்தவறி அண்ணி என்றபோது, "ஓலை படிக்கட்டும், அப்பால கூப்புடு. அதுவரிக்கும் அவ யாரோ" என்றாள்.

எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நடுவே பாத்திரம் தூக்கிக்கொண்டு நடப்பது என் வேலை. அதனால் அந்தப் புல் வளர்ந்ததைத் தினமும் பார்த்தவள் நான்.

அத்தை வீட்டில் அடுப்புக்கரி போட்டுவைக்கிற ஒரு சின்ன மறைவு உண்டு. செல்லக்கனி கரியை அள்ளி வெளியே போட்டு, அந்த இடத்தைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். வாயகன்ற மண்சட்டிகளில் வைக்கோலும் காய்ந்த மாட்டெருவும் பரப்பினாள். ராத்திரி ஊறிய பயறு, சோளம், மொச்சை, நெல் எல்லாவற்றையும் கையில் ஏந்தி, கண்ணை மூடி ஏதோ சொல்லி, பிறகு தூவினாள். சாக்குப் படுதா கட்டி வெளிச்சம் வராமல் அடைத்தாள்.

"இருட்டுலயா வெக்கப் போறே? புல்லுக்கு வெயில் வேணாமா?" என்று கேட்டேன். அவளிடம் மட்டும்தான் எனக்குக் கேள்வி கேட்க வரும்.

"வெயில்ல வச்சாக் குட்டையா பச்சையா வரும். இருட்டுல வச்சா வெளிச்சத்தைத் தேடி நெட்ட நெட்டயா எழும்பும், ரோசி. நிறம் பாத்தியன்னா, பொன்னு மாதிரி இருக்கும்."

சட்டிகள் அங்கே இருந்தவரை அவள் மீன் தொடவில்லை. குளிக்காமல் தண்ணீர் தெளிக்கவில்லை. அத்தைக்கு அது பெரிய வேடிக்கை.

"மீன் இல்லாம எனுக்கு சோறு எறங்குமா? வூட்ல வஞ்சிரம் கொதிச்சிகினு கீது, இவ மோர ஊத்தி துன்றா. இன்னாடி, புல்லு வளக்கறியா, புள்ள பெத்து வளக்கறியா?"

"ரெண்டும் ஒண்ணுதான் அத்தை" என்றாள் செல்லக்கனி.

அத்தை அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். அவள் சொன்ன விதத்தில் அது, செல்லக்கனி திருநாளுக்காக ஒருசந்தி விரதம் இருக்கிறாள் என்று ஆகிவிட்டது. உபதேசியார் காதுக்கும் போனது. ஞாயிறு பூசை முடிந்து அவர் எங்கள் அம்மாவிடமே, "புதுசாக வருகிறவர்கள் காட்டுகிற பக்தி, பிறவிக் கிறிஸ்தவர்களிடம் இல்லை" என்றார். அன்று மாலை அம்மா முதல்முறையாகத் தன் கையால் ஒரு கிண்ணம் குழம்பு ஊற்றி, "அந்தப் பொண்ணுக்குக் குடு. மீன் போடல" என்று என்னிடம் கொடுத்தாள்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் மதியம் சட்டிகளைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். படுதாவை விலக்கி வெளிச்சத்தில் எடுத்தபோதுதான் அதன் நிறம் எனக்கே தெரிந்தது. ஒரு சாணுக்கும் மேலே, வெளிறிய மஞ்சளும் இளம்பச்சையுமாக, அசைத்தால் ஒரே உடம்பாக அசைந்தது. செல்லக்கனி மூன்று சட்டிகளைக் குடிலின் ஓரத்தில் வைத்தாள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் முன்னால் உயிருள்ள புல் நின்றது. பெண்கள் கிட்டே வந்து விரலால் தொட்டுப் பார்த்தார்கள். அம்மாவும் தொட்டாள்.

குடிலுக்கு எதிர்ப்புறம் கிறிஸ்மஸ் மரம் நின்றது. எண்ணூர்ப் பக்கத்திலிருந்து கால்வாய்ப் படகில் விறகோடு வந்த சவுக்கு. அதில் பஞ்சை ஒட்டிப் பனி என்று வைத்திருந்தார்கள். எங்கள் சாமியார் உண்மையான பனி விழுகிற தேசத்துக்காரர். நல்ல மனிதர். சின்னப் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து அந்த மரத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பல வருஷம் படித்த தமிழ் அவருடையது.

"என் தேசத்து மக்கள் முற்காலத்தில் அஞ்ஞானிகள். பெரிய மரங்களை வணங்கினார்கள். ஒரு புனிதர் வந்தார். கோடாரி எடுத்து, அவர்கள் வணங்கிய மரத்தை வெட்டி வீழ்த்தினார். அதன் பக்கத்தில் பனியிலும் வாடாத ஒரு சிறு மரம் நின்றது. இதை வீட்டுக்கு எடுத்துப் போங்கள், இது இனி இயேசு பாலனின் மரம் என்றார். அன்று முதல் நாங்கள் வைக்கிறோம்."

ஒரு பெண்குழந்தை, "கிறிஸ்மஸ் ஏன் சாமி இருபத்தஞ்சாம் தேதி?" என்று கேட்டது.

அவர் சிரித்தார். "ஆண்டவர் பிறந்த நாள் வேதத்தில் எழுதப்படவில்லை. ரோமாபுரியில் அந்த நாளில் சூரியனுக்குத் திருநாள் கொண்டாடினார்கள். திருச்சபை அந்த நாளை எடுத்து மெய்யான சூரியனுக்குக் கொடுத்தது."

நான் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் உபதேசியாரின் குரல் கேட்டது. சத்தமில்லாத குரல். அவர் குடிலின் முன்னால் குனிந்து, ஒரு சட்டியை விரலால் தட்டி, எருவைக் கிளறிப் பார்த்தார்.

"இதை இருட்டில் வைத்தா வளர்த்தாய்?"

"ஆமா ஐயா."

"மாட்டெரு, வைக்கோல். மீன் கவுச்சி படாமல். அப்படித்தானே?"

"ஆமா ஐயா. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கே" என்றாள் செல்லக்கனி. அவள் முகத்தில் சந்தோஷம். சொந்த ஊர்க்காரர் ஒருவர் தன்னைப் புரிந்துகொண்டார் என்று நினைத்துவிட்டாள்.

"இது முளைப்பாரி" என்றார் அவர். "அம்மன் கொடைக்கு எடுக்கிற முளைப்பாரி."

சாமியார் பிள்ளைகளை விட்டுவிட்டு எழுந்து வந்தார். உபதேசியார் அவரிடம் விளக்கினார். தம் ஊரில் அம்மன் கோயில் கொடை விழாவுக்குப் பெண்கள் இப்படித்தான் வளர்த்து, கும்மியடித்து, குலவை விட்டு, தலையில் சுமந்து போய்த் தண்ணீரில் கரைப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய பிரசங்கத் தமிழ் கழன்று விழுந்தது. "எங்க பாட்டன் வேதத்துக்கு வந்த அன்னைக்கு, எங்க வீட்டு முளைப்பாரிச் சட்டியெல்லாம் வாசல்ல போட்டு ஒடச்சாவ, சாமி. எங்க அப்பா சொல்லுவாவ" என்றார்.

பிறகு செல்லக்கனியிடம் திரும்பினார். "விதைக்கும்போது யார் பேரைச் சொன்னே?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். அத்தை அவள் பின்னால் நின்று முதுகில் கிள்ளியதை நான் பார்த்தேன்.

"விதைக்கைல வாயில வந்தது எங்க அம்மன் பேருதான், ஐயா. அப்புறமா, இந்தப் பிள்ளைக்காகத்தான் வளக்கேன்னு குடில்ல இருக்கப் போற பாலன் பேரையும் சொன்னேன். மொதல்ல வந்தது அது. சின்னதுலேருந்து பழகுன வாயி."

யாரோ ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். தொட்டுப் பார்த்த விரலை அம்மா சேலையில் துடைத்தாள்.

சாமியாரும் உபதேசியாரும் தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். தீர்ப்பைச் சொன்னது சாமியார். கோபமாகச் சொல்லவில்லை. "நீ அறியாமல் செய்தாய், மகளே. நாளைக் காலை ஞானஸ்நானத்தில் பசாசை விட்டுவிடுகிறேன் என்று சொல்லப் போகிறாய். அதற்கு முன் எல்லோருக்கும் தெரியும்படி ஓர் அடையாளம் வேண்டும். இவற்றை முற்றத்தில் கவிழ்த்து உன் காலால் மிதித்துவிடு. அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்."

"கவுத்துருதேன் சாமி. வெளியில கொண்டுபோயிருதேன். இனிமே விதைக்க மாட்டேன்னும் சத்தியம் பண்ணுதேன்" என்றாள் செல்லக்கனி. "மிதிக்க மட்டும் சொல்லாதீங்க."

"ஏன்? இன்னும் பயமா?" என்றார் உபதேசியார்.

"பயமில்ல. முளைச்சு நிக்கது. முளைச்சதை எப்படி மிதிக்க?"

அப்போது நான் பேசினேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. அத்தனை பேர் முன்னால் நான் அதுவரை பேசியதே இல்லை. குரல் சின்னதாக வந்ததால் சாமியார் குனிந்து கேட்கவேண்டியிருந்தது.

"சாமி, அந்தப் புனிதர் ஒரு மரத்தை வெட்டினாரு. பக்கத்து மரத்தை வெச்சுக்கிட்டாரு. அது மட்டும் ஏன் சாமி?"

அவர் சவுக்கு மரத்தைத் திரும்பிப் பார்த்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் உண்மையாகவே யோசித்தார்.

"அது வேறு, மகளே. அது நடந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது அந்த மரத்தைப் பார்த்து யாருக்கும் பழைய தெய்வம் நினைவில் வராது. இதைப் பார்த்தால் இங்கே எல்லோருக்கும் வருகிறது."

"வாய மூடு" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். பிடித்த இடம் சிவந்து, திருநாளுக்கும் அப்படியே இருந்தது.

அண்ணனுக்கு ஆள் அனுப்பினார்கள். துறைமுகத்திலிருந்து வேலை உடையோடு வந்தான். அதற்குள் சட்டிகளை முற்றத்தில் வைத்திருந்தார்கள். மழை லேசாகத் தூறியது. தெரு முழுக்க மண்டபத்து ஓரத்தில் ஒதுங்கி நின்றது. எத்திராஜ் என்கிற ரிக்‌ஷாக்காரர் கூட வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அண்ணன் உபதேசியாரிடம் கேட்டான், அம்மாவிடம் கேட்டான், கடைசியாகச் செல்லக்கனியிடம் வந்தான்.

"இன்னா கனி, இதுக்கா பேஜாரு? புல்லுதானே? ஒரு மிதி. ஒரே நிமிஷம். நாளைக்கு ஞானஸ்நானம், தையில கல்யாணம். எல்லாரும் பாத்துகினு கீறாங்க, மிதிச்சிடேன்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வேறு ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். நானும் காத்திருந்தேன். அப்பனை விட்டாள், ஊரை விட்டாள், அம்மனையும் விடத் தயாராகத்தான் நின்றாள். அவன், "சாமி, அவ கவுக்கறாளே, அது போதாதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். சாமியார் இறங்கியிருப்பார் என்றுகூட எனக்குத் தோன்றியது.

"நீங்க மிதிப்பீகளா?" என்று கேட்டாள்.

"நான் மிதிச்சா செல்லுமா?" என்று அண்ணன் உபதேசியாரைப் பார்த்தான்.

உபதேசியார் தலையை ஆட்டினார். செல்லாது.

அப்போதுதான் அவள் முகம் மாறியது. அண்ணன் கேட்டதற்கு உபதேசியார் சொன்ன பதிலால் அல்ல. அவன் அதைக் கேட்டதால். குனிந்து முந்தானையைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து, ஒரு சட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மற்ற இரண்டையும் இடுப்புக்கு ஒன்றாக எடுக்கப் பார்த்தாள், முடியவில்லை. அத்தை வந்து ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

"ஃப்ளோரன்சு, நீ கோயில் வேலைக்காரி" என்றார் உபதேசியார்.

"தெரியும். குப்பைய வெளிய கொண்டும்போறதுதான் என் வேலை" என்றாள் அத்தை.

மூன்றாவது சட்டியை நான் தூக்கினேன். அம்மா கூப்பிட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்றிருப்பேன்.

காசிமேட்டுப் பக்கம் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் தலைநிமிர்ந்து பார்த்தார்கள். செல்லக்கனி முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, சட்டியைச் சாய்த்து, வேரோடு புல்லை அலையில் விட்டாள். குலவை விடுவாள் என்று எதிர்பார்த்தேன். விடவில்லை. ஒரு சட்டிப் புல் முழுசாக மிதந்து போய், அலையில் திரும்பி, எங்கள் காலடிக்கே வந்தது. அத்தை அதைக் காலால் தள்ளப் போய், சட்டென்று காலை இழுத்துக்கொண்டு, கையால் எடுத்து உள்ளே விட்டாள்.

அண்ணன் வரவில்லை.

கிறிஸ்மஸ் காலையில் குடிலின் தரையில் பச்சைக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். மரம் நன்றாக இருந்தது.

செல்லக்கனி கொஞ்ச நாள் அத்தை வீட்டில் இருந்தாள். பிறகு திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிற வேலைக்குப் போனாள். அங்கே வேலை செய்கிற பெண்களோடு அறை எடுத்துக்கொண்டாள். தையில் அண்ணனுக்கு ஓலை வாசித்தார்கள். பெண், அம்மாவின் அண்ணன் மகள். இப்போது நான் தயங்காமல் அண்ணி என்று கூப்பிடலாம். நல்ல பெண்தான். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மறு வருஷம் டிசம்பர் முதல் ஞாயிறு பூசையில் உபதேசியார் ஓர் அறிவிப்பு வாசித்தார். மரத்தூளும் காகிதமும் இனி வேண்டாம் என்று சாமியார் விரும்புகிறார். ஒவ்வொரு தெருப் பெண்களும் சேர்ந்து செபமாலை சொல்லித் தானியம் விதைத்து, குடிலுக்குப் பசும்புல் வளர்த்துத் தரவேண்டும். ஒருசந்தி இருந்து வளர்ப்பது மிகவும் உத்தமம்.

எங்கள் தெருவுக்கு அம்மா பொறுப்பேற்றுக்கொண்டாள்.

"நீதான் கூடவே இருந்து பாத்தியே" என்றாள் என்னிடம். "எரு எவ்ளோ போட்டா, வைக்கோல் எவ்ளோ போட்டான்னு சொல்லு." யார் என்று சொல்லவில்லை. நான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் பயறு அழுகிப்போயிருக்கும். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டுக் கரி மூலையைக் கழுவி, அங்கே அம்மா சட்டிகளை வைத்துப் படுதா கட்டினாள். தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து செபமாலை சொன்னார்கள். விதையைத் தூவக் கொடுத்தபோது என் வாயில் வந்த பெயரை நான் யாருக்கும் கேட்கும்படி சொல்லவில்லை.

புல் ஒரு சாண் வளர்ந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். பக்கத்துப் பங்கிலிருந்து பார்க்க வந்த ஒருவரிடம் உபதேசியார், "இது நம்மவர்களுடைய பழைய பக்தி முயற்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் தன் மனைவிக்கு அதைச் சுட்டிக்காட்டினான். அவள் தொட்டுப் பார்த்து, "பட்டு மாதிரி கீதே" என்றாள். அவன் மரத்தின் பக்கம் நகர்ந்துவிட்டான்.

திருநாள் முடிந்த வாரத்தில் அத்தை என்னைத் திருவொற்றியூருக்குக் கூட்டிப் போனாள். தொழிற்சாலை வாசலில் நின்றோம். ஷிப்டுக்குப் போகிற பெண்களின் நடுவிலிருந்து செல்லக்கனி வந்தாள். விரல் நுனிகளெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. அத்தை கொண்டுவந்த கேக்கைப் பிரித்துப் பக்கத்தில் நின்ற ஷம்ஷாத் என்கிற பெண்ணுக்குப் பாதி கொடுத்தாள்.

"குடிலுக்கு இந்த வருசம் காகிதமா, மரத்தூளா?"

அத்தை என்னைப் பார்த்தாள். அத்தைக்கே வாய் வராத இடம் அது. நான்தான் சொன்னேன். "புல்லுதான். எல்லாத் தெருவும் போட்டாங்க. சாமி மந்திரிச்சாரு."

அவள் கேக்கை மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். "இருட்டுலயா வச்சீக?"

"இருட்டுலதான்."

"மீன் சாப்பிடாம?"

"ஒருசந்தி."

"யாரும் மிதிக்கலையே?"

"இல்ல. திருநாள் முடிஞ்சதும் கடல்ல விட்டுடச் சொன்னாரு உபதேசியார். மந்திரிச்சது கால்ல படக்கூடாதுன்னு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கச் சிரித்தாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்; விரல் நுனியில் பசை இருந்ததால் இருக்கலாம்.

"நல்லா வந்துச்சா, ரோசி?" என்று கேட்டாள்.

"உன்னுது அளவுக்கு வரல, அண்ணி" என்றேன்.

சங்கு ஊதியது. கேக் சுற்றியிருந்த காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.